தூண்டிலோடு கிராபிக்கு: எல்லையில் மாட்டியது ஆள் இல்லை, காடி

தாய்லாந்தின் கிராபியில் உள்ள மீன்பிடிக் குளத்துக்குக் காடியில் (காரில்) கிளம்பியபோது, எல்லையில் காட்டும் அனுமதிக் கடிதத்தில் ஓட்டுநரின் அப்பா பெயர் இல்லாததால் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

காடி அண்ணன் பேரில். அடுத்தவர் காடியைத் தாய்லாந்துக்குள் ஓட்டிப்போக உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்பது தெரியும், கையிலும் இருந்தது. ஆனால் அதில் ஓட்டுநர் பெயர் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி தனிப்பெயராக மட்டும் இருந்தது. கடவுச்சீட்டிலோ ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டு அப்பா பெயரோடு முழுப்பெயர். தாய்லாந்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். எடுத்துச் சொல்ல நமக்குத் தாய்லாந்து மொழி தெரியாது, கேட்க அவருக்கும் பொறுமை இல்லை. மலேசியப் பக்கம் வெளியேறும் முத்திரை குத்தியாகிவிட்டதால், காடியைத் திருப்பிக்கொண்டு மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாமில் மறுபடியும் வரிசையில் நின்று உள்ளே வர வேண்டியதாயிற்று. பிறகு அண்ணன் கையெழுத்துக்காகப் பட்டர்வொர்த் வரைக்கும் ஓட்டம். குளத்துக்குக் கட்டிய முன்பணத்தில் ஒரு நாள் போனது போனதுதான்.

கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். உரிமையாளர் முழுப்பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், காடி நம்பர், என்ஜின் எண், சேஸி எண், ஓட்டுநரின் கடவுச்சீட்டு எண், போகும் தேதி, திரும்பும் தேதி எல்லாம் இருக்கட்டும். ஓட்டுநர் பெயரை ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகள்) உட்பட கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். உரிமையாளரின் ஐசி நகலைப் பின்னால் குத்தி, மொத்தத்தையும் இரண்டு செட் எடுங்கள். கம்பெனி காடி என்றால் கம்பெனி தாளில், முத்திரையோடு. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு பெயரும் கடிதத்தில் வரவேண்டும்.

அடுத்த இடறல் மைஜேபிஜே, அதாவது நம் சாலைப் போக்குவரத்துத் துறையின் கைப்பேசிச் செயலி. 2023 பிப்ரவரியிலிருந்து ரோடு டாக்ஸ் ஒட்டத் தேவையில்லை, லைசென்ஸ் கார்டும் தேவையில்லை என்று எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. நம் ஊர் போலீஸுக்கு அது சரி. எல்லை தாண்டினால் அதை நம்பாதீர்கள். கெரான் (காடியின் பதிவுச் சான்று) நகலையும் ரோடு டாக்ஸையும் அச்சடித்து வையுங்கள், லைசென்ஸுக்குக் கார்டையே எடுத்துப்போங்கள். 1985இல் ஆசியான் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையால் நம் லைசென்ஸ் அங்கே செல்லும், தனியாக அனைத்துலக லைசென்ஸ் எடுக்க வேண்டாம்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பவேண்டும், கட்டணம் கிடையாது. தேடினால் காசு கேட்கும் போலித் தளங்களும் வரும். கார்டு நம்பர் கேட்டாலே அது அரசாங்கத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பலர் அந்தக் கட்டத்தில் திணறுகிறார்கள். அங்கே ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, முழுப்பெயரை முதல் பெயர் கட்டத்தில் எழுதலாம்.

இந்த அட்டை ஆளுக்கு. காடிக்கு டிஎம் 2 என்ற படிவம், அதில் வருகிறவர்களின் பட்டியலுக்கு டிஎம் 3. எல்லைக்கு முன்னால் வரும் சாங்லூன் கடைகளில் சில வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் நிரப்பித் தருவார்கள், அங்கேயே தாய்லாந்துக் கட்டாய இன்சூரன்ஸும் கிடைக்கும். ஆனால் அந்தச் சின்ன இன்சூரன்ஸ் உங்கள் காடிக்கு விழும் அடியைத் தாங்காது. நம் பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணையோடு நின்றுவிடும். தாய்லாந்துக்கு நீட்டிக்க எண்டோர்ஸ்மென்ட் 101 வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஏஜெண்டிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டால் கிடைக்காது.

பாதை சிரமமில்லை. பினாங்கின் ஜூருவிலிருந்து எல்லைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தாய்லாந்து எல்லை ஊரான சடாவோ தாண்டி ஹாட்யாய், பத்தாலுங், திராங் வழியாகக் கிராபிக்கு இன்னொரு 340. முழுக்க 4ஆம் எண் நெடுஞ்சாலைதான். பத்தாலுங்குக்கும் திராங்குக்கும் நடுவே மலை வளைவு வரும், அதை வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். அங்கே மணி நம்மைவிட ஒன்று குறைவு. பெட்ரோல் பங்க்கில் காசோஹோல் 95 (எத்தனால் கலந்த பெட்ரோல்) கேளுங்கள், "காவ் ஹா" என்றால் புரியும். பக்கத்திலேயே ஈ20 என்று மலிவாக இருக்கும். எத்தனால் அதிகம், பழைய காடிக்கு ஆகாது.

இனி சாமான். இந்த ஒரு கேள்வி எப்போதும் வருகிறது: "அண்ணே, பன்றி சுட லைசென்ஸ் இருக்கே, துப்பாக்கியையும் ஏத்திக்கலாமா?" கூடவே கூடாது தம்பி. நம் லைசென்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது, பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்குகளை வேட்டையாட அங்கே 2019 சட்டப்படி தடை. எஸ்டேட்டில் வேட்டைக்குப் போகிற காடி என்றால், கிளம்புமுன் சீட்டுக்கு அடியிலும் பின்பெட்டியிலும் கையை விட்டுத் துழாவுங்கள். ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தாலும் பயணம் அங்கேயே முடிந்துவிடும். வேப் (மின் சிகரெட்) வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே இறக்குமதிக்கே தடை.

தூண்டில் கோல், ரீல் எல்லாம் சொந்தச் சாமான் என்று விடுவார்கள், விலைச்சீட்டு தொங்கும் புதுச் சரக்கு மட்டும் கேள்வியைக் கிளப்பும். பினாங்கில் வாங்கிய ஐஸ் இறாலை இரைக்கென்று கொண்டுபோகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். குளத்தில் அராப்பைமாவும் மேக்கோங் பெருங்கெளுத்தியும் பிடித்தவுடன் விடுகிற மீன்கள். அதனால் தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முனையை முதல் நாள் இரவே குறடால் நசுக்கி வையுங்கள். குளக்கரையில் நின்று 20 முள்ளை நசுக்கினால் விடியற்கால மீன் போய்விடும். வேறு மீன் வாங்கினாலும் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். மலேசியாவுக்குள் மீன் கொண்டுவர இறக்குமதி பெர்மிட் வேண்டும்.

கடைசியாக, பலர் கோட்டைவிடும் காகிதம். சடாவோவில் நுழையும்போது சுங்கத்தில் காடிக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் ஒன்று தருவார்கள். வெளியே வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் காடி தாய்லாந்தை விட்டுப் போனதாகக் கணக்கு. தேதி தாண்டினால் நாளுக்கு 1,000 பாட் அபராதம், 10,000 வரை போகும். திரும்பும் அவசரத்தில் கடவுச்சீட்டுக்கு முத்திரை வாங்கிவிட்டு இதை மறந்து ஓட்டி வந்தவர்கள், அடுத்த முறை நுழையும்போது மாட்டுகிறார்கள். கையில் வாங்கியதும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, தாளைக் கடவுச்சீட்டுக்குள் செருகுங்கள், டேஷ்போர்டில் போடாதீர்கள். இரண்டாவது முறை திருத்திய கடிதத்தோடு போனபோது அதே கவுண்டரில் ஒரு கேள்விகூட இல்லை. திரும்பும்போது தாளைக் கொடுத்து வெளியே வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.