சிகரத்தின் உயரமல்ல, இடம்

ஜெட் என்ஜின் ஃபேன் சோதனைகளில் எனக்கு அளவீட்டு வேலை. பிளேடின் அடிப்பக்கத்தில், அது வளைவதை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, முடி போன்ற கம்பிகளை டிஸ்க் வழியாக ஷாஃப்டுக்குள் இறக்கி, ஓடும்போது சிக்னலைக் கவனிக்க வேண்டும். ஒட்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். பிளேடு நுனி ஒலியை விட வேகமாகச் சுற்றுகிறது. பசை கொஞ்சம் தடித்தாலும் கேஜ் பிய்த்துக்கொண்டு போகும்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று திரையில் வரைபடம் ஓடும். புதிதாக வருபவர்கள் அதில் உயரமான சிகரத்தைத்தான் தேடுவார்கள். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்வேன். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் வினாடிக்கு 200. 400, 600, 800 ஹெர்ட்ஸில் வருவது சுழற்சியோடு சேர்ந்த அதிர்வு. உள்ளே வரும் காற்று சீராக இல்லாததால் வரலாம், வேகத்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எந்த மடங்கிலும் சேராத 730-ல் ஒன்று தலைதூக்கினால் கை தானாக இன்டர்காமுக்குப் போகும். அங்கே பிளேடை யாரும் வெளியிலிருந்து தட்டவில்லை. தன் அசைவாலேயே காற்றிலிருந்து சக்தியை இழுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர்தான் ஃபிளட்டர். அந்தக் கதியில் ஒரு நிமிடத்தில் நாற்பதாயிரம் முறைக்கு மேல் வளைந்துவிடும்.

அப்புறம், பிளேடுகளின் சிக்னலை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன். எந்த இரண்டு பிளேடும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. சாதாரண ஓட்டத்தில் ஒவ்வொன்றும் தன்போக்கில் அதிரும். ஃபிளட்டர் தொடங்கியதும் எல்லாம் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்துவிடும், அலை ஒன்று வட்டத்தைச் சுற்றி ஓடும். லேன் என்ற ஆய்வாளர் 1956-லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். ஒற்றைப் பிளேடை மேசையில் பிடித்து ஆட்டிப் பார்த்து 'பிரச்சினை இல்லை' என்பவர்களோடு இதனால்தான் விடாமல் வாதாடுகிறேன்.

ஸ்டால் ஃபிளட்டர் என்றால், காற்று வெளியேறும் வால்வை மூடி ஃபேனை நெருக்கி, காற்று பிளேடை விட்டுப் பிரியும்போது வரும்; திறந்தால் விட்டுவிடும். சூப்பர்சானிக் ஃபிளட்டருக்கு அந்த நெருக்கல் தேவையில்லை. காற்று பிளேடை விட்டுப் பிரியாமல் நன்றாக ஓடும்போதே, வேகத்தை ஏற்ற ஏற்ற வந்து நிற்கும். எங்களுக்கு உடனே கைகொடுப்பது வேகத்தை இறக்குவதுதான்.

நிரந்தரத் தீர்வு வடிவமைப்பில் இருக்கிறது. பிளேடுகளை நடுவில் ஒன்றோடொன்று முட்டுக்கொடுக்கும் ஸ்னப்பர் அதிர்வை அடக்கும், ஆனால் காற்றோட்டத்துக்கு இடைஞ்சல். 1984-ல் பறக்கத் தொடங்கிய ரோல்ஸ்-ராய்ஸின் ஆர்பி211-535இ4 என்ஜின் அகலமான பிளேடு வைத்து அதைக் கழற்றிவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு பிளேடின் அதிர்வெண்ணை வேண்டுமென்றே சற்று மாற்றி அந்த அலையைக் குலைப்பது இன்னொரு வழி. அப்படி அடுக்கிய ஃபேனை ஓட்டும்போது எல்லாப் பிளேடிலும் கேஜ் வேண்டும் என்று கேட்பேன். செலவு அதிகம்தான். சரி, இரண்டு மூன்றில் மட்டும் ஒட்டினால் அலை குலைந்ததா என்று எப்படித் தெரியும்?