தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 24, 2025, வியாழன்

வாந்தி அஞ்சு தடவை. விடியக்காலம் மூணு, ஆபீஸ்ல ஒண்ணு, இப்போ படுக்கிற நேரத்துல ஒண்ணு. கடைசியா வந்தது வெறும் மஞ்சத் தண்ணி. கசப்பு இன்னும் நாக்குல நிக்குது.

ஏப்ரல் 25, வெள்ளி

அத்தை மாடியில நெத்திலி காயப்போட்டிருக்காங்க. மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். பைபர் படகு கரையோரமாப் போய் வருது. அதுல வர்றதை வாங்கிக் காயவச்சு விக்கிறாங்க. இவரு கடலுக்குப் போகாத இந்த 61 நாளும் வீட்டுக்கு வர்ற காசு அதுவும் என் சம்பளமும்தான்.

நான் மீன் வாசத்துலயே பொறந்து வளர்ந்தவ. அப்பா கரைக்கு வந்ததும் ஓடிப்போய் அந்த ஈரச் சட்டையோட கட்டிப் பிடிச்சுக்குவேன். இப்போ மாடிப்படிகிட்ட போனாலே அடிவயித்துலேர்ந்து பிடுங்கிக்கிட்டு வருது. இதை அத்தைகிட்ட எந்த வாயால சொல்றது? சொல்லல. பின்கட்டுக்குப் போய், சத்தம் கேக்காம இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுத்தேன். நான் உண்டாயிருக்கிறது அக்கம்பக்கத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. மூணு மாசம் முடியட்டும்னு இருக்கோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேத்து டாக்டரம்மாகிட்ட போனோம். எடை 51.4. வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. டாக்ஸிலமினும் பி6-ம் சேர்ந்தது, ராத்திரிக்கு. "இது கர்ப்பிணிங்களுக்குன்னே பல வருஷமாக் கொடுக்கிறது, பயப்படாம சாப்பிடு"ன்னாங்க.

எனக்கு மாத்திரை மேல பயமில்லை. அதைப் போட்டு வாந்தி நின்னுச்சுன்னா, எதனால நின்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன ஆடியில, முதல் கரு கலைஞ்ச அன்னைக்குக் காலையில எழுந்து, "இன்னைக்கு வயிறு லேசா இருக்கு"ன்னு சந்தோஷமா இட்லி சாப்பிட்டேன். நாலு இட்லி.

இதை டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க. "வாந்தி நிக்கிறதை வச்சோ வர்றதை வச்சோ உள்ள இருக்கிறதைச் சொல்ல முடியாதும்மா. ஒரு நாள்கூட வாந்தி எடுக்காம புள்ள பெத்தவங்க எத்தனையோ பேரு"ன்னாங்க. புரியுது. ஆனாலும். கடைசியில, "சரி, மாத்திரை இல்லாம சமாளிச்சுப் பாரு. ஆனா எட்டு மணி நேரம் யூரின் போகலைன்னா, ஒரு நாள் பூரா தண்ணிகூட நிக்கலைன்னா, எடை அஞ்சு சதவீதம் குறைஞ்சா உடனே வந்துடணும். அப்போ பிடிவாதம் பிடிக்கக் கூடாது"ன்னாங்க.

முன்னாடி 52 கிலோ. அஞ்சு சதவீதம்னா 2.6. அப்போ 49.4.

மாத்திரை அட்டையை முருகன் படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன். பத்து இருக்கு.

ஏப்ரல் 28, திங்கள்

எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வயித்துல ஏதாவது காய்ஞ்சதாப் போடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரியே ஒரு டம்ளர்ல பொரி போட்டுத் தலைமாட்டுல வச்சாரு. படுத்தபடியே ஒண்ணொண்ணா வாயில போட்டு ஊறவச்சு முழுங்கினேன். இருபது நிமிஷம் அசையாம கிடந்துட்டு மெதுவா எழுந்தேன். முதல் வாந்தி ஒன்பது மணிக்குத்தான் வந்துச்சு. நேத்து அஞ்சரைக்கு.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. பஸ்ல நாலு பேரு தலையில மல்லி. பாதி வழியில இறங்கி மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே போனேன்.

மே 2, வெள்ளி

தங்குறது எது, தங்காதது எதுன்னு இப்போ கொஞ்சம் பிடிபடுது. சூடா இருக்கிற எதுவும் ஆகல. சூட்டுல ஆவி வருது, ஆவியில வாசம் வருது. சோறு கொதிக்கும்போது வருமே ஒரு வாசம், அது ஒண்ணுக்கே முடிஞ்சுது. அதே சோறு ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு காலையில பழையதா வந்தா ஒரு வாசமும் இல்லை. மோர் விட்டு, நார்த்தங்காய் ஒரு கீத்து. ஆறு கவளம். அப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ஆறு. வயிறு நிறையவும் கூடாது, காலியாவும் கூடாது. காலியானா இன்னும் மோசம்.

சாப்பாட்டோட தண்ணி குடிச்சா மொத்தமும் வெளிய வருது. அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரை இப்போ வேண்டாமாம், அது குமட்டலைக் கூட்டும். மூணு மாசத்துக்கு மேல பாத்துக்கலாம்னாங்க. ஃபோலிக் ஆசிட் மட்டும் ராத்திரியில. அதை ஒரு நாளும் விடல.

எடை 50.9. மீன் எடை போடுற தராசு தடைக்காலத்துல சும்மாதான் கிடக்குது. அவரு அதைச் சவுக்காரம் போட்டு மூணு தடவை கழுவி, வெயில்ல காயவச்சு, மேல ஒரு சாக்கு விரிச்சுக் கொடுத்தாரு. தகட்டோட ஓரத்துல ஒரே ஒரு செதில் ஒட்டிக்கிட்டு மின்னுச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறி நின்னேன். சிவப்பு எழுத்துல நம்பர் ஆடி ஆடி நிக்கிற வரைக்கும் விடல.

மே 3, சனி

ஸ்கேன். துடிப்பு இருக்கு. 156.

போன தடவை 148. அதையும் இதே மாதிரி எழுதித்தான் வச்சேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்னைக்கு ஆரம்பம். கரண்ட் இல்லை. எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு, முழுங்கினா குமட்டுது. பக்கத்துல ஒரு கிண்ணம் வச்சுத் துப்பிக்கிட்டே இருக்கேன். பேசக்கூடப் பிடிக்கல.

மே 7, புதன்

நர்ஸம்மா வந்தாங்க. 12 வாரத்துக்குள்ள பதிஞ்சு, அரசாங்கம் கர்ப்பிணிங்களுக்குக் கொடுக்கிற பிக்மி நம்பர் வாங்கிடணுமாம். "யாருக்கும் தெரியக் கூடாதுன்னா எனக்குமா தெரியக் கூடாது?"ன்னு காதோட கேட்டாங்க. அவங்க வண்டி நம்ம வாசல்ல நின்னாலே தெருவுக்கே தெரிஞ்சமாதிரிதான். அதே மாதிரி சாயங்காலமே பெரியம்மா வந்துட்டாங்க. "எல்லாம் மனசுதான். நாங்கள்லாம் வாந்தி எடுத்துக்கிட்டேதான் கருவாட்டுக் கூடை சுமந்தோம்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பெரியவங்க, எதிர்த்துப் பேசல. ஆனா ராத்திரி பூரா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மனசு இல்லை. தேடிப் படிச்சேன். 2023 டிசம்பர்ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. அது அம்மா ரத்தத்துல கலந்து மூளையில குமட்டலைத் தூண்டுது. கர்ப்பத்துக்கு முன்னாடி எந்தப் பொண்ணுக்கு அது குறைவா இருந்துச்சோ அவளுக்கு வாந்தி அதிகமாகுதாம், உடம்பு பழகாததால. என் பலவீனத்தால வர்றது இல்லை இது. அங்கேர்ந்து வர்றது. இதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்போ உள்ளேர்ந்து சேதி அனுப்புது"ன்னாரு. அதுக்கப்புறம்தான் தூங்கினேன்.

மே 10, சனி

முடியல. பழைய சோறும் வந்துடுச்சு, இளநீரும் வந்துடுச்சு. எடை 49.7.

மே 11, ஞாயிறு

நேத்து சாயங்காலம் யூரின் தேயிலைத் தண்ணி மாதிரி போச்சு. டாக்டரம்மா குச்சி வச்சுப் பாத்தாங்க. கீட்டோன் ஒரு பிளஸ். "உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு ராத்திரி ஓஆர்எஸ் வாயால உள்ள போய் நின்னா சரி. இல்லைன்னா காலையில டிரிப்ஸ் போட அட்மிட் ஆகணும்"ன்னு கண்டிஷனாச் சொல்லிட்டாங்க.

ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில அவரே அளந்து கரைச்சாரு. டம்ளர்ல குடிச்சா நிக்காது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டு டீஸ்பூன். போன்ல அலாரம் வச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சது. அலாரம் அடிக்கும், ஸ்பூன் வாய்க்கு வரும், நான் கண்ணைத் திறக்காமலேயே முழுங்குவேன். அவரு கையில இப்போ டீசல் வாசமும் இல்லை, ஐஸ் வாசமும் இல்லை, 26 நாளா கரையில இருக்கிற கை. பதினோரு மணிக்கு ஒருதரம் வந்துடுச்சு. பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்பூன் வந்துச்சு. அவருக்கு அது பழகிடுச்சு, கடல்ல வலை வாங்குற நேரம் பாத்து முழிச்சுக்குவாரே அதுமாதிரி. லிட்டரு தீரும்போது ஆறு மணி. ஆறேகாலுக்கு யூரின் போச்சு. நல்ல வெளுப்பா.

நடுவுல ஒருதரம், மூணு மணி இருக்கும், அட்டையை எடுத்துட்டு வரச் சொன்னேன். கையில வச்சுப் பாத்தேன். "போட்டுக்கயேன், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்"ன்னாரு. இன்னும் நாலு நாள்தானேன்னேன். அவரு தேதி கேக்கல. அவருக்கும் தெரியும்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. கடற்கரை பூரா ஜனம், பீச் ரோட்டுல வண்டி நகரல. சன்னலை மூடிட்டுப் படுத்திருந்தேன். ரெண்டு தடவைதான். ரெண்டுதானான்னு இருக்கு.

மே 14, புதன்

ஒன்பது வாரம் ரெண்டு நாள். நாலு தடவை.

மே 15, வியாழன்

மூணு.

மே 18, ஞாயிறு

எடை 50.0.

ரொம்ப நாளா மாடியில நெத்திலி இல்லைங்கிறதை இன்னைக்குத்தான் கவனிச்சேன். அத்தையைக் கேட்டேன். கரையில அவங்க தங்கச்சி வீட்டுக்கிட்ட கொண்டுபோய்க் காயப்போடுறாங்களாம், காலையில தூக்கிட்டுப் போய் சாயங்காலம் தூக்கிட்டு வர்றாங்களாம். "நீ குழாயைத் திறந்துவிடும்போதே எனக்குத் தெரியும் தாயி"ன்னாங்க. இந்த வெயில்ல. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அப்புறம் அவங்களாவே சொல்ல ஆரம்பிச்சாங்க. சுனாமி வந்தப்போ என் நாத்தனார் அத்தை வயித்துல மூணு மாசமாம். எல்லாரையும் டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல தங்க வச்சிருந்தாங்க. பொட்டலம் பொட்டலமா சாம்பார் சாதம் வருமாம். பிரிச்சாலே இவங்களுக்கு வாந்தி. "பக்கத்துல புள்ளையைப் பறிகொடுத்தவ அழுதுக்கிட்டிருக்கா. நான் வாந்தி எடுத்துக்கிட்டிருக்கேன். வயித்துல புள்ள இருக்குன்னு அவ எதிர்ல காட்டிக்கிறதுக்கே கூசிப்போச்சு." அந்தப் பொண்ணேதான் மூணாம் நாள் எழுந்து வந்து, எங்கேயோ வாங்கின புளியை உப்பு வச்சு உருட்டி இவங்க வாயில போட்டாளாம். அதைச் சப்பிக்கிட்டேதான் ஒரு மாசம் ஓட்டினாங்களாம்.

அத்தை இதை இவருகிட்டகூடச் சொன்னதில்லை. சொல்லி முடிச்சுட்டு உள்ள போய் ஒரு புளி உருண்டை உருட்டிட்டு வந்தாங்க. சுண்டைக்காய் அளவு. கன்னத்துல அடக்கிக்கிட்டேன். எச்சில் ஊறுறது நின்ன மாதிரி இருந்துச்சு. அது புளிக்காகவா அவங்களுக்காகவான்னு தெரியல.

மே 22, வியாழன்

பஸ் ஸ்டாண்டுல இஞ்சி மொரப்பா வாங்கினேன். இனிப்பு தாங்கல. வீட்டு இஞ்சியே தேவலை. மெல்லிசா நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிழிஞ்சு காயவச்சது. டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போறேன்.

ஆபீஸ்ல சீனியர் அக்கா ஒண்ணு கத்துக் கொடுத்தாங்க. மணிக்கட்டு ரேகையிலேர்ந்து மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல கட்டைவிரலால அழுத்திக்கணும். பஸ் திரும்புற இடத்துலயெல்லாம் அழுத்திக்கிட்டே வந்தேன். வாந்தி நிக்குதோ இல்லையோ, பிடிச்சுக்க ஒரு இடம் இருக்கு.

மே 23, வெள்ளி

ரெண்டு.

மே 27, செவ்வாய்

ஒண்ணு. அதுவும் பல் தேய்க்கும்போது.

மே 28, புதன்

அக்னி முடிஞ்சுது. ஒண்ணு.

ஜூன் 1, ஞாயிறு

பத்து வாரத்துக்கு மேல வாந்தி தானா குறையும், 12லேர்ந்து 16க்குள்ள நிறையப் பேருக்கு விட்டுடும். எல்லாம் படிச்சிருக்கேன். நானே மத்தவங்களுக்குச் சொல்ற அளவுக்குப் படிச்சிருக்கேன். நாளையோட 12.

இன்னைக்கு ஒண்ணுமில்லை.

இவரு படகுக்கு பெயிண்ட் அடிக்கப் போயிருக்காரு. இன்னும் ரெண்டு வாரத்துல கிளம்பணும்.

ஜூன் 3, செவ்வாய்

இல்லை.

ரசம் வச்சேன். பூண்டு தட்டிப் போட்டு, கடுகு, மிளகாய் தாளிச்சேன். அடுப்புக்கிட்டயே நின்னேன், வேணும்னே. மூஞ்சியை ஆவியில காட்டினேன். ஒண்ணுமே பண்ணல. அத்தை பாத்துட்டு, "வாசம் ஒத்துக்க ஆரம்பிச்சிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டாங்க. நான் பாத்ரூம்ல போய் விளக்கைப் போட்டுத் துணியைப் பாத்தேன். ஒண்ணுமில்லை. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் போய்ப் பாத்தேன்.

ஜூன் 4, புதன்

இல்லை. அவரு இட்லி வாங்கிட்டு வந்தாரு. வேண்டாம்னுட்டேன். ஏன்னு அவரு கேக்கல, எடுத்து அத்தைக்குக் கொடுத்துட்டாரு.

ஜூன் 5, வியாழன்

எடை 50.6. ஏறுது. ஏறுறது நல்லதுக்குத்தானே.

நாளைக்குக் காலையில பத்தரைக்கு ஸ்கேன். குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி இருக்கிற நீர்ப் படலத்தை அளக்குற ஸ்கேன். ஆதார் ஜெராக்ஸ், பிக்மி பேப்பர், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கவர்ல போட்டாச்சு. பழையதுல 156 இருக்கு. எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப வச்சேன்.

இவரு, "இப்பவே போய் அவசரம்னு சொல்லிப் பாக்கலாமா?"ன்னாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு. சட்டையைக்கூட மாட்டிட்டாரு. வேண்டாம்னேன். அப்படியே சட்டையோட படுத்துக்கிட்டாரு.

அட்டையில பத்தும் இருக்கு.

ஜூன் 6, வெள்ளி, காலை 4.10

வந்துடுச்சு. பொரி டம்ளரைக்கூட எடுக்கல, அதுக்குள்ள. மஞ்சளா, கசப்பா, ரெண்டு தடவை. குழாயைத் திறக்கல. சத்தம் கேட்டு அத்தை எழுந்து விளக்கைப் போட்டாங்க. அவரை எழுப்பிச் சொன்னேன்.