ஸ்கேன் நார்மல், ஆனால் எல்லாமே ரெண்டாகத் தெரிகிறது

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர் படுக்கையில் இருக்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஒரு கண் வீங்கி மூடியிருக்கும், திறந்திருந்தாலும் விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்கும்போதுதான் ரெண்டு தட்டு தெரியும். மாடிப்படி இறங்கும்போது எந்தப் படி நிஜம் என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்து நிற்பார். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் குனிந்து வேலை செய்பவரானாலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சரிவில் இறங்குபவரானாலும், கீழே பார்ப்பதுதான் பிழைப்பு. அங்கேதான் முதலில் மாட்டுகிறது.

"ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன்?" என்று எல்லாரும் கேட்பார்கள். தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவது. கண்ணை அசைப்பவை மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது. இவற்றில் ஒன்று இழுபட்டு நைந்திருந்தால் அதில் தெரியாது. அதிலும் நான்காவது மூளை நரம்பு மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்பக்கமாகக் கிளம்பி, சுற்றி வளைத்து முன்னால் வருகிறது. மண்டைக்குள் இவ்வளவு நீளமாக ஓடும் கண்நரம்பு வேறில்லை. அதனால் தலை குலுங்கினாலே அதற்கு அடி விழும்.

முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் பிம்பம் ஒன்றாகிவிட்டால், ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் நிழல்போல ரெண்டாகத் தெரிந்தால் அது கண்ணாடிப் பவர், கண்புரை, கண் வறட்சி போன்ற கணக்கு. அதற்கு நரம்பு மருத்துவர் தேவைப்படாது.

எப்படி ரெண்டாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பக்கவாட்டில் பிரிந்து, தூரத்தில் அதிகமாகி, பக்கத்தில் குறைந்தால் ஆறாவது நரம்பு. மேலும் கீழுமாகப் பிரிந்து, கீழே பார்க்கையில் மோசமானால் நான்காவது. வலது நான்காவது நரம்பு அடிபட்டவர் தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொள்வார். வீட்டார் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள், தேய்க்க வேண்டாம். அந்தச் சாய்வில்தான் அவருக்கு ஒன்றாகத் தெரிகிறது.

இமை தொங்கி, கண்பாவை மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தால் மூன்றாவது நரம்பு. அதோடு தலைவலி ஏறினாலோ, வாந்தி, மயக்கம் இருந்தாலோ கண் மருத்துவமனையைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பந்தோ கையோ கண்ணில் பட்ட பிள்ளைக்குக் கண் சிவக்காமல் வெள்ளையாகவே இருந்தாலும், மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுத்தால் அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. கண்குழியின் அடி எலும்பு விரிசல் விட்டு தசையைக் கவ்வியிருக்கலாம்.

கண் மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், பழைய கண்ணாடி இவற்றோடு கல்யாண ஆல்பத்திலிருந்து நாலைந்து படமும் கொண்டுபோங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் தலை அதே பக்கம் சாய்ந்திருந்தால், பிறவியிலிருந்தே இருந்த பலவீனம் இப்போது வெளிப்பட்டது என்று புரியும். சிவப்புக் கண்ணாடி ஒரு கண்ணிலும் பச்சை மறு கண்ணிலும் போட்டு, கண் எந்தத் திசையில் எவ்வளவு அசைகிறது என்று பதியும் ஹெஸ் சார்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை அதோடு ஒப்பிட்டால்தான் குணமாகிறதா என்று சொல்ல முடியும்.

நடுவில் வீட்டிலும் அளக்கலாம். சுவரில் கண் மட்டத்தில் கிடைமட்டமாக ஒரு டேப் ஒட்டி, 3 மீட்டர் தள்ளி உட்காருங்கள். தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்க்க வேண்டும். ரெண்டாவது கோடு எங்கே தெரிகிறது என்று இன்னொருவர் பென்சிலால் குறிக்கட்டும். பிம்பத்தை நகர்த்தும் ப்ரிசம் கண்ணாடியின் பவரை டயாப்டரில் சொல்வார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல் என்பது 1 ப்ரிசம் டயாப்டர். எனவே 3 மீட்டரில் 9 சென்டிமீட்டர் என்றால் 3 டயாப்டர். வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம், தேதி போட்டு எழுதுங்கள். மாலையில் களைப்பில் எப்போதும் கூடும். ரெண்டாவது கோடு இணையாக இல்லாமல் சரிந்து தெரிந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். சரிவை எந்த ப்ரிசமும் நிமிர்த்தாது.

முதல் சில வாரங்களுக்கு ஒரு கண்ணை மறைப்பதே போதும். கறுப்புப் பட்டை வேண்டாம், கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மைக்ரோபோர் டேப் ஒட்டினால் வெளிச்சம் வரும், பிம்பம் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மேல் மறைக்கக் கூடாது, அந்தக் கண் சோம்பேறியாகிவிடும். ஒரு கண்ணால் பார்க்கையில் ஆழம் தெரியாது. தண்ணீர் ஊற்றும்போது சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டபடி ஊற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதை இந்த நிலையில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஃப்ரெனல் ப்ரிசம். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மெல்லிய வரிவரியாகவும் இருக்கும் பிளாஸ்டிக் தாள். கண்ணாடி அளவுக்கு வெட்டி, தண்ணீருக்குள் வைத்தே, வழவழப்பான பக்கத்தைக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். குமிழியைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றலாம். வரிகளில் தூசி அடையும், மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், துணியால் தேய்க்காதீர்கள். பவர் கூடக் கூடப் பார்வை மங்கும். அதைத் தாங்கிக்கொள்ளச் சொல்வது இந்தத் தாளை எளிதில் மாற்றலாம் என்பதற்காக. முதல் மாதத்திலேயே கண்ணாடிக்குள் நிரந்தரமாக ப்ரிசம் வைத்துச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நரம்பு தேறிவரும்போது அந்தக் கண்ணாடியே ரெண்டாகக் காட்டத் தொடங்கும், பணமும் போய்விடும்.

நான்காவது நரம்புக்காரர்கள் பைஃபோகல் போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். படிக்கும் பகுதி கீழே இருக்கிறது, அவர்களுக்குக் கெட்டுப்போன திசையும் அதுவே. படிக்கத் தனிக் கண்ணாடி, புத்தகத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்த ஒரு ஸ்டாண்டு, இவ்வளவுதான்.

கண்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆகாது. தலை குலுங்கியபின் கிட்டப் பார்வையில் கண்கள் உள்ளே குவியாமல் எழுத்து ஓடினால் பென்சில் பயிற்சி உதவும். கை நீளத்திலிருந்து மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, ரெண்டாகும் இடத்தில் நிறுத்தி ஒன்றாக்க வேண்டும். நாளைக்கு 15 நிமிடம், வாரத்தில் 5 நாள். செயலிழந்த நரம்பைப் பயிற்சியால் எழுப்ப முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.

குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும். பிறகும் விலகல் மிஞ்சி, இடைவெளி விட்டு எடுத்த ரெண்டு அளவு மாறாமல் இருந்தால் தசை அறுவை சிகிச்சை பேசலாம். நேராகவும் கீழேயும் ஒன்றாகத் தெரிய வைப்பதுதான் இலக்கு. கடைக்கோடிப் பார்வையில் கொஞ்சம் ரெண்டாகத் தெரிவது பெரும்பாலும் மிஞ்சும், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விபத்து இழப்பீட்டு வழக்கு நடப்பவர்கள், "ரெண்டாகத் தெரிகிறது" என்ற சொல் தேதியோடு ஓ.பி. சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதல் முறை போகும்போதே பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து முதன்முறையாகச் சொன்னால், அது இந்த விபத்தால் வந்ததுதான் என்று காட்டுவது கடினம்.