ஸ்கா பங்க்: வேலையெல்லாம் இடது கையில்தான்

ஸ்கா என்பது ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை; அதோடு பங்க் ராக்கின் வேகம் சேர்ந்தால் ஸ்கா பங்க். கிதாரில் ஸ்கா என்றாலே எல்லாரும் வலது கையைப் பற்றித்தான் சொல்வார்கள்: தட்டில் அடிக்காதே, அரை இடம் தள்ளி, கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு இழு. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு அரை இடத்து எடுப்பு புதிதா என்ன? எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. படுத்தி எடுத்தது இடது கை. பாரே கார்டை (ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்துத் தந்திகளை அழுத்தும் கார்டு) பிடித்து, மெல்லிய தந்திகள் மூன்றும் ஒலித்த கையோடு, விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். முழுக்கத் தூக்கினால் வெறுந்தந்தி ஊளையிடும். விடாவிட்டால் கார்டு இழுவிக்கொண்டே போகும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற ‘சுர்’ அளவுதான் ஒவ்வொரு கார்டுக்கும் ஆயுள்.

1964-இல் ஜமைக்காவில் சேர்ந்த ஸ்காட்டலைட்ஸ் குழுவைக் கேட்டால் இதே வெட்டு நிதானமாக விழும். 1989-இல் வந்த ஆபரேஷன் ஐவியின் ‘எனர்ஜி’ ஆல்பத்தில் அது பங்க் வேகத்தில் பறக்கும். சரணத்தில் சுத்தமான கிதார், பல்லவி வந்ததும் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பான ஒலி. அந்தக் குழுவில் ட்ரம்பெட், ட்ராம்போன் ஆள் கிடையாது. எனக்கென்னவோ ட்ரம்பெட் இல்லாத ஸ்கா பங்க் பாதிதான்.

மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிற அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். நான் ‘ஏ’ ஸ்கேலில் வைத்திருந்தேன். “அஞ்சு ஷார்ப் விழுகுது தம்பி. பி பிளாட்டுல வையி, அள்ளி விடுறேன்” என்றார். அவருடைய ட்ரம்பெட்டில் ‘சி’ வாசித்தால் நமக்குக் கேட்பது பி பிளாட். அதனால் நம் ‘ஏ’ அவருக்கு ஐந்து ஷார்ப் உள்ள ‘பி’; நம் பி பிளாட்டோ ஷார்ப்பே இல்லாத ‘சி’. ஆறாவது ஃபிரெட்டுக்கு நகர்ந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான்; பி பிளாட், ஈ பிளாட், எஃப் மூன்றுமே பாரே, வெட்டுவது சுலபம்.

அவருக்குத்தான் கஷ்டம். நாலு சுரம் அடித்துவிட்டு அடுத்த சுற்று வரை சும்மா நிற்க வேண்டும். “ஒரு சங்கதி வைக்கக்கூட விட மாட்டேங்கிறியே” என்று சலித்துக்கொள்கிறார். ஆனால் அந்த நாலு சுரத்தை அவர் ஊதும் சத்தத்துக்கு என் ஆம்ப் பத்தாது.

இப்போதைக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிஷத்துக்கு 150 தட்டு வரை வெட்டு சுத்தமாக விழுகிறது. 180-இல் பல்லவிக்கு முன்னால் காலால் டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கும்போது ஓர் இழுப்பு தவறுகிறது. அப்புறம், ட்ராம்போன்காரரையும் கூட்டி வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆடியில் கல்யாணம் இல்லையே என்றேன். அம்மன் கோயில் திருவிழாவெல்லாம் முடியட்டும் என்றார்.