ஜன்னல் இடுக்கில் நாளிதழ்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

வீட்டு ஜன்னல்களை மாற்ற முதல் ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். பையன் என்றுதான் சொல்ல வேண்டும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு அறை அறையாக நடந்தார். கையில் லேசர் கருவி. சிவப்புப் புள்ளி சுவரில் ஓடியதும் அம்மா அதை எறும்பு என்று நினைத்துத் துடைக்கப் போனாள். அவர் சிரித்திருந்தால் அப்போதே வழியனுப்பியிருப்பேன். சிரிக்கவில்லை.

மொத்தம் ஒன்பது. பெரியது நான்கு, நடுத்தரம் இரண்டு, சமையலறையில் ஒன்று, குளியலறை வென்டிலேட்டர் இரண்டு. எல்லாம் 1989இல் வைத்த தேக்கு. திருவான்மியூர்க் கடல் காற்றுக்கு முப்பத்தைந்து வருடம் தாங்கியதே பெரிது. அம்மா அறை ஜன்னலின் வலது கதவு ஊதிப்போய் மூன்று வருடமாக மூடுவதில்லை. அந்த இடுக்கில் அம்மா நாளிதழை எட்டாக மடித்துச் செருகிவைப்பாள். மாதம் ஒருமுறை மாற்றுவது வழக்கம். இன்று எடுத்துப் பார்த்தேன். ஜூன் 5ஆம் தேதித் தாள், தேர்தல் முடிவு வந்த மறுநாள். அதற்குப் பிறகு மாற்றவில்லை.

செப்டம்பர் 10

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212.

செப்டம்பர் 12, வியாழன்

லேசர் தம்பியின் கொட்டேஷன் வந்துவிட்டது. ஆறு பக்கம், முதல் பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் ஜன்னல் ஓரம் காப்பி குடிக்கிறது. வெள்ளை யுபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக், சதுர அடி 850 ரூபாய், 126 சதுர அடிக்கு 1,07,100. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 1,26,378. முன்பணம் அறுபது சதவீதம். பதினான்கு வேலை நாளில் முடித்துத் தருவார்களாம்.

தையல் பெட்டியில் இருந்த நாடாவை எடுத்துக்கொண்டு நானே அளந்தேன். 111 சதுர அடிதான் வருகிறது. மறுபடியும் அளந்தேன். 111.

செப்டம்பர் 14, சனி

அலுமினியக்காரர் வந்தார். பக்கத்துத் தெருவில் கடை. அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். சதுர அடி 480. மொத்தம் 53,280. “பில் வேண்டுமா அக்கா, வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும் என்றால் விலை மாறும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கொசுவலை தனி. பழைய சட்டத்தைப் பெயர்ப்பது தனி. பெயர்த்த இடத்தைப் பூசுவது “கொத்தனார் வேலை, அது நம்முடையது இல்லை.” துருவே பிடிக்காது என்று மூன்று முறை சொன்னார். உண்மைதான், அலுமினியம் துருப்பிடிக்காது. பால்கனிக் கதவின் பழைய கைப்பிடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து, தொட்டால் சொரசொரக்கிறதே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “அது பழைய காலத்துச் சரக்கு” என்றார்.

போகும்போது அம்மா, “இவர் நடை நன்றாக இருக்கிறது, யாரு?” என்றாள். இப்போதெல்லாம் ஆட்களை நடையை வைத்துத்தான் எடைபோடுகிறாள்.

செப்டம்பர் 15, இரவு

பதினைந்து சதுர அடி எங்கே போயிற்று? தூக்கம் வரவில்லை. 15 பெருக்கல் 850, 12,750 ரூபாய். வரி தனி.

செப்டம்பர் 16, திங்கள்

லேசர் தம்பியிடம் கேட்டுவிட்டேன். பத்து சதுர அடிக்குக் குறைந்த ஜன்னலைப் பத்து என்றே கணக்கிடுவார்களாம். அப்படியென்றால் சமையலறை ஒன்பது, பத்து ஆகிறது. குளியலறை வென்டிலேட்டர் மூன்று சதுர அடி. அதுவும் பத்து! இரண்டு வென்டிலேட்டருக்கு ஆறுக்குப் பதில் இருபது. “எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் மேடம்” என்றார். இருக்கலாம். ஆறு பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே. நாடாவோடு நான் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கவே வேண்டாம்.

கிரில் பற்றியும் கேட்டேன். பழைய கிரில் மரச்சட்டத்தோடு சேர்ந்தது, சட்டம் போனால் அதுவும் போகும். புதுக் கிரில்? “அது உங்கள் பொறுப்பு மேடம்.”

பிளாஸ்டிக் சட்டத்துக்கு உள்ளே கொடுக்கும் இரும்புப் பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்றேன். “கம்பெனி ஸ்டாண்டர்ட் மேடம்.” அந்த ஸ்டாண்டர்டுக்கு எண் கிடையாதா என்றதற்கு விளம்பரப் புத்தகத்தை இன்னொரு தடவை அனுப்பிவைத்தார். மறுபடியும் அந்தக் குடும்பம், அந்தக் காப்பி.

செப்டம்பர் 17

188. ரவா உப்புமாவை நிறுத்தியாகிவிட்டது. அம்மா என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 18, புதன்

மூன்றாவது ஆள். சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் அளக்கவில்லை. அம்மா அறைக்குப் போய், இடுக்கிலிருந்து தேர்தல் தாளை மெல்ல உருவி, விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சட்டத்தின் அடிக்கட்டையைச் சாவியால் குத்தினார். சாவி கால் அங்குலம் உள்ளே போனது. “மேலே நல்ல தேக்குதான் அம்மா. அடியில் தண்ணீர் நின்று நின்று இற்றுப்போயிருக்கிறது.” தாளை மறுபடி எட்டாக மடித்து அதே இடத்தில் செருகினார். அளந்தது அதற்குப் பிறகுதான்.

குளியலறை வென்டிலேட்டர்களைத் தொட வேண்டாம், உடைந்த லூவர் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும் என்றார். பழைய கிரில்லை வெட்டி எடுத்து, பட்டை வைத்துச் சுவரிலேயே பிடித்துத் தருவாராம், அதற்கு 6,000. யுபிவிசி சதுர அடி 740, ஏழு ஜன்னலுக்கு 105 சதுர அடி, வரியோடு 91,686. உள்ளே இரும்புப் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர், துத்தநாகம் பூசியது. சொன்னதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கொட்டிவாக்கத்தில் வேறு யாரோ போட்ட ஜன்னலிலிருந்து கழற்றியதாம். தலை என்ற ஒன்றே இல்லை, செங்கல் நிறத்தில் ஒரு குச்சி. “பிளாஸ்டிக்கை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. திருகாணியையும் உருளையையும்தான் தின்னும். அதில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.” திருகாணியை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். மேசை மேல் இருக்கிறது.

செப்டம்பர் 19

எப்போது முடித்துத் தருவீர்கள் என்று நேற்று நான் கேட்கவே இல்லை. இன்று மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

பட்டறைக்காரர் கொடுத்த முகவரியில், பெசன்ட் நகரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் பழைய ரேடியோவை உடைத்தபோது எடுத்துவைத்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கூடப் பிறந்த தம்பி சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஜன்னல் சட்டத்தில் வைத்ததும், உள்ளே யாரோ கையை நீட்டிப் பிடித்ததுபோல் இழுத்தது. மூலை வரை நகர்த்தினேன், விடவில்லை. கொசுவலையில் ஒட்டவில்லை. வலை துருப்பிடிக்காத நல்ல எஃகாக இருந்தால் ஒட்டாதாம். கண்ணாடி மூலையில் டஃபன் செய்ததற்கான, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்தியதற்கான, முத்திரை. கீழ்த் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் நீர் வடியத் துளைகள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் செம்பே கொண்டுவந்தார். ஊற்றியது அத்தனையும் வெளியே போனது.

“வேலைக்கு நூறு மார்க் போடுவேன்” என்றார். “தேதிக்கு முட்டை. அக்டோபரில் வருகிறேன் என்றவர் ஜனவரியில் வந்தார். வந்த பிறகு குறை சொல்ல ஒன்றும் வைக்கவில்லை.”

காபி கொடுத்தார். சர்க்கரை போடாமல் குடித்தேன், காரணமே இல்லாமல்.

செப்டம்பர் 24

தம்பி டாலஸிலிருந்து கூப்பிட்டு மூன்று கொட்டேஷனையும் அட்டவணையாகப் போட்டு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். “முதல் கம்பெனிதான் சரி, தேதி எழுதித் தருகிறார்கள்” என்றான். ஆமாம், தருகிறார்கள். என்ன போடப்போகிறார்கள் என்பதைத்தான் எழுதித் தரவில்லை. பட்டறைக்காரர் என்ன போடுவார் என்று திருகாணி வரை தெரியும், எப்போது என்று தெரியாது. அலுமினியக்காரர் நாளைக்கே வருவார், நாளை மறுநாள் அவரை எங்கே தேடுவது?

“ஏதாவது ஒன்றை முடிவு பண்ணு அக்கா.” அங்கிருந்து சொல்வது சுலபம்.

செப்டம்பர் 25

164!

செப்டம்பர் 26, வியாழன்

முன்பணம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா முதல் முறையாக வாயைத் திறந்தாள். மகாளய பட்சத்தில் புதுக் காரியமா, அமாவாசை கழியட்டும் என்றாள். அமாவாசை அக்டோபர் 2. மழை அதற்குக் காத்திருக்குமா என்றேன். “உன் அப்பா காத்திருக்கிறார்” என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

உண்மையில் எனக்கும் ஒரு வாரம் கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது என்று அதுவரை தெரியாது.

செப்டம்பர் 30

171. ஏன் ஏறியது? உள்ளங்கையில் மறைத்து முறுக்கு தின்கிறாளா?

அக்டோபர் 3, வியாழன்

கொடுத்துவிட்டேன். பட்டறைக்காரருக்கு, காசோலையாக, 30,000. எப்போதும் பாதி வாங்குவாராம், நான் மூன்றில் ஒரு பங்குதான் என்று நின்றேன். சட்டம் வந்து இறங்கியதும் பாதி, கடைசிப் பத்தாயிரம் முதல் மழை பார்த்த பிறகு. கடைசி நிபந்தனைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்து, “எந்த மழை என்று எழுதுங்கள்” என்றார். எழுதினேன். அவரும் எழுதினார்: 10ஆம் தேதி வேலை ஆரம்பம், அம்மா அறை முதலில். எழுதும்போது கை தயங்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 5

139. சர்க்கரை இறங்கியதும் மருத்துவமனையிலிருந்து அம்மாவின் கண் அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 21ஆம் தேதி வலது கண், அது ஆறிய பிறகு இடது. தூசி படவே கூடாது. தூசி படவே கூடாது என்று அந்த நர்ஸ் இரண்டு முறை சொன்னார். சுவரை உடைக்கிற வேலை 21க்கு முன் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பொங்கலுக்குப் பிறகுதான்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: “தெருவிளக்கு ஒன்றாகத் தெரியுமா?” அவளுக்கு இப்போது மூன்றாகத் தெரிகிறதாம்.

அக்டோபர் 8

எடுக்கவில்லை.

அக்டோபர் 9

எடுத்தார். கண்ணாடி டஃபன் செய்யப் போயிருக்கிறதாம், அதற்குப் பிறகு வெட்ட முடியாது, அதனால் அளவை மூன்று முறை சரிபார்த்தாராம், அதனால் தாமதமாம். இவ்வளவு நியாயமாகச் சொன்னால் எப்படிக் கத்துவது? கத்தினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஊரெங்கும் பட்டறைகளில் பூசணிக்காய் உடைக்கிறார்கள். நம் சட்டங்களுக்கும் சந்தனம் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். மேசை மேலிருந்த துருத் திருகாணிக்கு அம்மா பொட்டு வைத்திருக்கிறாள். என்னவென்று நினைத்தாளோ.

அக்டோபர் 13, ஞாயிறு

வந்தார்! ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு பையன்களோடு. ஹாலின் பெரிய ஜன்னலுக்கு மட்டும்தான் கண்ணாடி தயார். அம்மா அறையை உடைத்துச் சட்டத்தையாவது வைத்துவிடுங்கள், கண்ணாடி பிறகு வரட்டும் என்று கெஞ்சினேன். “கண்ணாடி கையில் இல்லாமல் ஓட்டை போட மாட்டேன் அம்மா. வானத்தைப் பாருங்கள்.” எழுதிக் கொடுத்தது அம்மா அறை முதலில் என்று. தாளைக் காட்டினேன். பார்த்தார், தலையசைத்தார், ஹால் ஜன்னலைப் பெயர்க்கப் போய்விட்டார்.

தூசி என்றால் அப்படியொரு தூசி. அம்மாவை எதிர்வீட்டில் உட்கார வைத்தேன். சாயங்காலம் முடிந்தது. இடுக்கை அடைக்க அவர் போட்ட சிலிக்கோன் பசையில் காடி (வினிகர்) வாசனை இல்லை, மோந்து பார்த்தேன். காடி நாற்றமடிக்கிற மலிவுச் சரக்கு சிமெண்டில் நிற்காது என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். ஜன்னலை ஒரு விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போய் மூடியது. தெருச் சத்தம் நின்றது. அம்மா திடுக்கிட்டு, “யார் போனது?” என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

நாளை பள்ளி, கல்லூரி விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களாம். எனக்குக் கார் இல்லை. தார்ப்பாய் வாங்கினேன், 420 ரூபாய். கடையில் கடைசித் துண்டு.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிகாலை முதல் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள், எழுதிக் கொடுத்த முதல் மழை இதுதான்.

அம்மா அறையில் தேர்தல் தாள் கூழாகிப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. புதிதாக நான்கு தாள் மடித்துச் செருகி, மேலே தார்ப்பாய். வாளி இரண்டாவது முறை நிரம்பிவிட்டது. அம்மா கட்டில் இப்போது ஹாலில்.

ஹாலில் புது ஜன்னல். காலை பத்து மணிக்குப் பார்த்தேன், தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது. விரற்கடை உயரம். பத்தாயிரம் என் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேனே, என்ன பிறவி நான். பிறகு பெசன்ட் நகர் செம்பு ஞாபகம் வந்தது. கிரில் வழியாகக் கையை விட்டு, வெளிப்பக்கம் தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்தேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை உடைத்த சுவரின் சிமெண்டுத் துகள், சின்னக் கட்டி. மூன்றாவது குத்தில் வெளியே விழுந்தது. தண்ணீர் களக் என்று ஒரு சத்தம் போட்டு இறங்கியது.

இன்னொரு துளையும் இருக்க வேண்டும். கை எட்டவில்லை.

அக்டோபர் 16

மழை விட்டிருக்கிறது. 152. கண்ணாடி பட்டறைக்கு வந்துவிட்டதாம், ஒன்பது மணிக்கு வருகிறாராம். மணி பதினொன்றரை.