விற்பதற்கு முன்னால் சொல்லட்டும்

இரண்டு கம்பெனிகள் இணையப் போகின்றன என்றால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பங்குதாரர்களுக்கு நோட்டீஸ் போகும், கடன் கொடுத்தவர்களுக்குப் போகும், வருமான வரித் துறைக்கும் போகும். பங்குதாரர், புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருப்பவர்கள்), உயர் அதிகாரிகள் இவர்களுக்கு என்ன பாதிப்பு என்று இயக்குநர் குழு ஓர் அறிக்கையும் தர வேண்டும். லேத்தில் நிற்கிற தொழிலாளியைப் பற்றி அந்த அறிக்கையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனி இணைந்தபோது, சேதி வருகைப் பதிவு நடக்கும் டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வரிசையில் நிற்கும்போது, இனிப் புது நிர்வாகத்தின் கீழ் வேலை என்று ஆளுக்கொரு கடிதம். அடியில் 'முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பாதிப் பேர் போட்டுக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்கள். சங்கச் செயலாளர் அண்ணன்தான் நிதானமாகப் படித்துவிட்டு, "வேலைக்குச் சேர்ந்த தேதி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை.

அந்த ஒரு தேதியில்தான் எல்லாமே இருக்கிறது. தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது இதுதான்: கம்பெனி கைமாறினால் சர்வீஸ் அறுபடக் கூடாது, பழைய நிபந்தனைகள் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் புது முதலாளி பழைய சர்வீஸையும் சேர்த்து நஷ்டஈடு தர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்று கணக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. சம்மதமில்லாத தொழிலாளியை வேறு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2011இல் கொல்கத்தா பிலிப்ஸ் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

சரி, நஷ்டஈடு இருக்கிறது. ஆனால் இணைப்பைப் பற்றி முன்கூட்டியே உட்கார்ந்து பேசு என்று நம் சட்டம் முதலாளியிடம் சொல்லவில்லை. பிரிட்டனில் 2006 முதல் இருக்கும் விதிகள் சொல்கின்றன. எப்போது, ஏன் மாறுகிறது, என்ன விளைவு என்று சங்கத்திடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். சங்கம் இல்லையென்றால் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடம். தவறினால் ஆளுக்கு 13 வாரச் சம்பளம் வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. மூடும்போது எங்களைக் கேட்கலாமென்றால், விற்கும்போது ஏன் கேட்கக் கூடாது?