உண்ணிச்செடியின் தூர் எங்கே முடிகிறது

முதுமலை, சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளில் போகிறவர்கள் இருபுறமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் புதரைப் பார்த்து, காடு செழித்திருப்பதாக மகிழ்ந்து போவார்கள். அந்தப் புதரை அகற்றும் வேலையில் இருக்கிறவர்களுக்கு அதே பச்சை வயிற்றைக் கலக்கும். அதன் அடியில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் மானும் காட்டெருதும் மேய முடியாது. புதருக்குள் யானை நின்றால் பத்தடி தூரத்திலிருந்தும் தெரியாது.

அந்தப் புதர்தான் உண்ணிச்செடி. அது நம் மண்ணுக்குரியதன்று. மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டலமும் கரீபியன் தீவுகளும் அதன் தாய்நிலம். லின்னேயஸ் 1753-இல் அதற்கு லாண்டானா கமாரா என்று பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இலங்கைக்குப் பேராதனைப் பூங்கா வழியாக 1826-இல் போனது; அங்குள்ள தமிழர்கள் அதை நாயுண்ணி என்கிறார்கள். வேலியாக நட்டார்கள், வேலி காடேறிவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவர ஊடுருவலுக்கென்று தனிக் கொள்கை வெளியிடும் அளவுக்கு இன்று நிலைமை வந்திருக்கிறது.

வெட்டினால் போகாதா என்று கேட்பார்கள். தரையோடு தரையாக வெட்டினால், அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து பத்துப் பதினைந்து துளிர் கிளம்பும். ஒரு தண்டாக இருந்தது முன்பைவிட அடர்ந்த புதராகும். தீ வைத்தாலும் இதே கதைதான்: மேலே எரியும், தூர் பிழைக்கும். ஜேசிபி ஒரே நாளில் பெரிய பரப்பைச் சுத்தமாக்கிக் காட்டும். ஆனால் அது கிளறிப் போட்ட இளகிய மண்ணில், ஆழத்தில் கிடந்த விதையெல்லாம் மேலே வந்து முளைக்கும், கூடவே பார்த்தீனியக் களையும் வரும். சுத்தமான பரப்பைப் படம் எடுத்துக் கணக்கை முடித்தவர்கள் இரண்டு மழை கழித்து அதே இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

விஷயம் முழுக்க வேர்க்கழுத்தில் இருக்கிறது. தண்டு முடிந்து வேர் தொடங்கும் அந்தக் கணுப்பகுதிக்குத்தான் துளிர்க்கும் திறன் உண்டு. அதற்குக் கீழே ஆணிவேரை அறுத்துவிட்டால் மண்ணுக்குள் எஞ்சும் வேர் மீண்டும் துளிர்க்காது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியவர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் இதைச் செய்து பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். வேர்க்கழுத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே வெட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். சொல்லும்போது எளிது. முள் நிறைந்த ஆள் உயரப் புதருக்குள் குனிந்து அந்த ஐந்து சென்டிமீட்டரைக் கண்டுபிடிப்பதில்தான் உடல் நோகும்.

ஒரு புதருக்கு இரண்டு பேர் போதும், பெரியதென்றால் மூன்று. முதலில் ஒருவர் சுற்றி வந்து சத்தம் கொடுக்க வேண்டும். பன்றி படுத்திருக்கலாம், கரடி இருக்கலாம், கிளையில் குளவிக்கூடு தொங்கலாம். புது யானைச் சாணம் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. பிறகு கவைக்கம்பால் கீழ்க்கிளைகளைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு வழி வெட்டித் தூரை அடைய வேண்டும். சுற்றிலும் கழிக்கக் கூடாது. புதரைக் கவிழ்ப்பதற்குப் பிடியாக அந்தக் கிளைகள் வேண்டும். தூரைச் சுற்றி மண்ணைச் சுரண்டினால் தடித்த கழுத்து தெரியும். அதற்குக் கீழே குந்தாலியின் குறுகிய முனையை இறக்கி ஆணிவேரை அறுத்து, இருவரும் சேர்ந்து புதரை வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்.

தலைகீழாகக் கவிழ்ப்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பச்சைத் தண்டு ஈரமண்ணைத் தொட்டுக் கிடந்தால் கணுவில் வேர்விடும். வேர்க்கழுத்து மண்ணில் பட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். கவிழ்த்த புதர்களை மரத்தடியில் குவிப்பது இன்னொரு தவறு. காய்ந்த உண்ணிக் குவியல் தரையில் ஓடும் தீயை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணி. வெட்டவெளியில் சிறு சிறு குவியலாகவே விட வேண்டும்.

காலத்தைத் தேர்வதும் வேலையில் பாதி. மாசி, பங்குனியில் சத்தியமங்கலத்துச் செம்மண் கல்லாக இறுகியிருக்கும். குந்தாலி எகிறும், ஆள் களைத்துக் கழுத்துக்கு மேலேயே வெட்டிவிடுவார். வேனிலில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று ஏமாறவும் கூடாது. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்ற பூச்சியை இதை ஒழிப்பதற்கென்றே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது சாறுறிஞ்சி இலையை வெளுக்க வைக்கும், உதிர்க்கும். ஆனால் மழை வந்ததும் செடி தழைத்துக்கொள்ளும். முதல் மழையில் மண் நெகிழ்ந்த பிறகு, காய் பழுப்பதற்குள் முடிப்பதே சரி. பூங்கொத்தில் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பச்சை மணிகள் திரண்டு சில கறுக்கத் தொடங்கியிருந்தால் அந்தக் கொத்துகளை முதலில் சாக்கில் கொய்துகொண்டு பிறகுதான் தூரைத் தொட வேண்டும். இல்லையென்றால் இழுக்கும் வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போவோம். காயும் இலையும் ஈரலைக் கெடுப்பவை. தீவனம் இல்லாத வறட்சியில் மாடு இதைத் தின்றால் மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும். சாக்கை மாடு வரும் இடத்தில் வைக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்பதில் எங்கள் கருத்து உறுதியானது. கண்ணை உறுத்தும் அடர்ந்த பகுதியை விட்டு, செடி இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் ஓரத்தில் தொடங்க வேண்டும். அங்கே புல் இன்னும் சாகவில்லை, கொஞ்சம் உதவினால் தானே மீளும். அடர்ந்த இடத்தில் ஒரு ஏக்கருக்குச் செலவாகும் உழைப்பில் ஓரத்தில் பல ஏக்கரைக் காப்பாற்றலாம். இறங்குமுன் புதருக்குள் ஒளிந்திருக்கும் நெல்லி, வெக்காலி, கொன்றைக் கன்றுகளைத் தேடித் துணிநாடா கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வெட்டுக்கத்தியின் வேகத்தில் அவையும் போகும். ஓடைக்கரைச் சரிவுகளில் ஒரேயடியாக எடுத்தால் மண் சரியும். பட்டை பட்டையாக, ஒரு பட்டையில் புல் பிடித்த பிறகு அடுத்ததை எடுப்பது நல்லது.

அகற்றிய மண் வெறுமையாக நின்றால் முதலில் வருவது உண்ணியின் நாற்றுகளே. ஆகவே முந்தைய பனிக்காலத்திலேயே அதே காட்டின் புல்விதையைச் சேர்த்து, உலர்த்தி, சாணமும் மண்ணும் கலந்து மழைக்கு முன் தூவ வேண்டும். துப்புரவாக்கிய இடம் சிறு திட்டாக இருந்தால் புள்ளிமான் கூட்டம் இரவோடு இரவாகத் தளிரை மேய்ந்துவிடும். தொடர்ச்சியான பரப்பாக இருந்தால் மேய்ச்சலும் பரவும், புல்லும் தப்பும்.

அகற்றிய தண்டு வீணில்லை. இரண்டு மணி நேரம் அண்டாவில் வேகவைத்து, சூட்டோடு பட்டையை உரித்து வளைத்தால் நாற்காலி, கூடை எல்லாம் ஆகும். மாதேஸ்வரன் மலைச் சோளகப் பழங்குடியினர் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இரும்புச் சட்டத்தில் இந்தத் தண்டைப் பின்னி நிஜ அளவில் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஆனால் நேரான, விரல் பருமன் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தூரை விட்டுவந்தால், அது அகற்றியதாகாது, வெறும் அறுவடையாகத்தான் முடியும். தண்டு எடுக்கப் போகிறவர் கையிலும் குந்தாலி இருக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் மழைக்குத் திரும்பிப் போகும் செலவைத் திட்டம் போடும்போதே எழுதிவைக்க வேண்டும். நாற்றை அடையாளம் காண்பது எளிது: எதிரெதிராக ரம்பப்பல் இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. ஓரடிக்குள் இருந்தால் ஈரமண்ணில் இரண்டு விரலால் வேரோடு வந்துவிடும். அதற்கு மேல் வளர்ந்தால் தண்டு முறியும், தூர் நிற்கும், மறுபடி குந்தாலிதான். வெட்டவெளியைச் சுற்றி நேரத்தைக் கரைக்காமல் நேராக மரத்தடிகளுக்குப் போக வேண்டும். சின்னான் குருவி பழத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்து எச்சமிடும் ஆல், அத்தி, நெல்லி மரங்களின் நிழலில் நாற்றுகள் கூட்டமாக நிற்கும். அந்த மரங்களுக்கு முதல் ஆண்டே எண்ணிட்டு வைத்தால், மூன்றாம் ஆண்டு புதிதாக வரும் ஆளும் வழி கேட்காமல் அங்கே போய்க் குனிவார்.